பிரித்தால் பொருள், கலந்தால் குப்பை

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரில் மரச்சிற்பம் செய்பவர்கள் ஒரே கட்டையிலிருந்து முழுச் சிலையையும் எடுப்பார்கள். கையைத் தனியாகச் செய்து ஒட்டும் பேச்சே இல்லை. அதனால் உளி வைப்பதற்கு முன்பே கட்டையின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, முடிச்சு எங்கே, வெடிப்பு எங்கே என்று பார்த்தாக வேண்டும். வாகை, மா, வேம்பு என்று மரம் எதுவானாலும் தவறான உளிவெட்டு ஒன்று விழுந்தால் கட்டை முழுவதும் பாழ். இந்தக் கைத்திறனுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேர்த்தச்சர்களின் வழக்கமும் இதே கணக்குத்தான். பழைய தேரில் உளுத்துப்போன பாகத்தைக் கழற்றி, அந்த இடத்துக்கு மட்டும் புது மரம் சேர்ப்பார்கள். நல்ல சட்டம் மறுபடியும் தேரோடு ஓடும்.

இந்தச் சிக்கனத்தை ஒரு நாட்டின் உற்பத்தி முழுவதற்கும் விரிப்பதுதான் சுழற்சிப் பொருளாதாரம். பட்டறையில் இருக்கும் அந்த அக்கறை நம் வீட்டு வாசலிலும் கடைத்தெருவிலும் இல்லாமல் போனதால் நாம் இழப்பது பணம், மண், உடல்நலம் மூன்றையும்.

நோக்கம் என்ன?

மண்ணிலிருந்து எடு, பொருளாகச் செய், பயன்படுத்து, எறி. இன்றைய உற்பத்தியின் பாதை இதுதான். சுழற்சிப் பொருளாதாரம் இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் தேவையற்றதை வாங்காமல் இருப்பது. அடுத்து பழுதுபார்த்து நீண்ட நாள் பயன்படுத்துவது. பிறகு இன்னொருவர் கைக்கு மாற்றுவது. அதன் பிறகே உருக்கி, அரைத்து மறுசுழற்சி செய்வது. எரிப்பது கடைசிப் படி.

அந்தக் கடைசிப் படியைப் பக்கத்து அரியலூர் மாவட்டத்திலேயே பார்க்கலாம். மறுசுழற்சிக்கு உதவாத பிளாஸ்டிக் கழிவு தமிழ்நாட்டின் பல நகரங்களிலிருந்து அங்குள்ள சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிறது. 1,400 டிகிரி செல்சியசுக்கு மேல் கொதிக்கும் சூளையில் அது நிலக்கரிக்குப் பதில் எரிபொருளாகிறது. தெருவோரம் கொளுத்துவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் சூளைக்குப் போன பொருள் திரும்பி வராது. அதற்கு முந்தைய படிகளிலேயே பொருளைப் பிடித்து நிறுத்துவதில்தான் லாபம் இருக்கிறது. பழுதுபார்ப்பவருக்கு வேலை, காயலான் கடைக்காரருக்கு வியாபாரம், வயலுக்கு உரம், பேரூராட்சிக்குச் செலவுக் குறைவு என்று அந்த லாபம் உள்ளூரிலேயே தங்கும்.

கண்முன் ஒரு சான்று

டாஸ்மாக் பாட்டில்களைத் திரும்பப் பெறும் திட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கியது. காட்டில் வீசப்படும் பாட்டில்கள் உடைந்து யானை போன்ற விலங்குகளைக் காயப்படுத்துவதுதான் அந்தத் தலையீட்டுக்குக் காரணம். பிறகு திட்டம் விரிவானபோது முதலில் சேர்ந்த மாவட்டங்களில் பெரம்பலூரும் ஒன்று. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். ஒட்டப்பட்ட அடையாளத்தோடு காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். நீலகிரியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பாட்டில்கள் திரும்பி வந்தன.

மக்களுக்குப் பொறுப்பில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். வழி அமைத்துக் கொடுத்தால் மக்கள் செய்வார்கள். வரப்பில் கால் வைக்கும் விவசாயிக்கும் மேயும் மாட்டுக்கும் கண்ணாடிச் சில்லு குத்தாமல் இருக்க, 10 ரூபாய் போதுமானதாக இருந்தது.

அசட்டையால் வரும் ஆபத்து

சாம்பார் சிந்திய அட்டைப்பெட்டியை எந்தக் காயலான் கடையிலும் எடுக்க மாட்டார்கள். கண்ணாடிச் சில்லு விழுந்த காய்கறிக் கழிவை உரமாக்க முடியாது. இரண்டும் தனித்தனியே இருந்தால் காசு, ஒரே கூடையில் விழுந்தால் சுமை. குப்பையைப் பிரித்து உரமாக்கும் பேரூராட்சிகளின் வளம் மீட்புப் பூங்கா பெயருக்கேற்ப இயங்குவதும் வெறும் குப்பை மேடாகிப்போவதும் நம் வீட்டில் எத்தனை கூடை இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பிளாஸ்டிக்கைக் கொளுத்தினால் டையாக்சின் போன்ற நச்சுகள் கிளம்பும். செம்புக்காக ஒயரை எரிப்பதும், ஈயத்துக்காகப் பழைய பேட்டரியை வீட்டில் உடைப்பதும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கக்கூடியவை. வார்னிஷ், பெயிண்ட் பூசிய மரத்துண்டை அடுப்பில் வைக்கவோ அதன் தூளை உரக்குழியில் போடவோ கூடாது. பூசாத மரத்தூளுக்குத் தடையில்லை.

எல்லாவற்றையும் மறுபடி பயன்படுத்தலாம் என்றும் நினைத்துவிடக் கூடாது. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பெரம்பலூர்ப் பக்கத்தில் பூச்சிமருந்து டப்பா இல்லாத வீடு குறைவு. அந்த டப்பாவில் தண்ணீர், எண்ணெய், விதை எதையும் வைக்கக் கூடாது. தீர்ந்ததும் மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றி, டப்பாவில் ஓட்டை போட்டுவிட வேண்டும். ஏரியிலோ வாய்க்காலிலோ கழுவக் கூடாது.

உங்கள் உரிமைகள்

தூய்மையான சுற்றுச்சூழல் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே சொல்லியிருக்கிறது. குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் அபராதம் விதித்து உத்தரவிட்டது. பிரித்துக் கொடுப்பது நம் கடமை என்பதுபோல, பிரித்ததைக் கலக்காமல் கொண்டுபோவது உள்ளாட்சியின் கடமை.

தயாரித்தவருக்கும் பொறுப்பு உண்டு. பிளாஸ்டிக் உறை, பேட்டரி, மின்னணுப் பொருள் ஆகியவற்றை விற்கும் நிறுவனங்கள் அவை கழிவான பின்பும் பொறுப்பேற்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் விதிகள் சொல்கின்றன.

பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தை ஒன்றிய நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24-இல் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போன் உள்ளிட்ட மின்னணுப் பொருள், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகிய நான்கு துறைகளின் நிறுவனங்கள் கையேடு, உதிரிபாகம், சேவை மையம், வாரண்டி விவரங்களை அதில் தருகின்றன. “இதை ரிப்பேர் பண்ண முடியாது, புதுசா வாங்கிக்குங்க” என்று கடையில் சொன்னால் உடனே நம்ப வேண்டியதில்லை.

தீர்வுக்கு வழி

1. மக்கும் குப்பைக்குப் பச்சைக் கூடை, மக்காத குப்பைக்கு நீலக் கூடை. நாப்கின், டயாப்பரைத் தாளில் சுற்றித் தனியாகவும், பல்பு, பேட்டரி, காலாவதியான மருந்தைத் தனியாகவும் கொடுங்கள்.

2. பிரித்துக் கொடுத்தும் வண்டியில் ஒன்றாகக் கொட்டினால், பேரூராட்சி செயல் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தூய்மைப் பணியாளரிடம் சண்டை போடாதீர்கள். வண்டியில் தனித்தனி அறை அமைத்துத் தருவது அவர் கையில் இல்லை.

3. பதில் இல்லையென்றால் முதல்வரின் உதவி எண் 1100, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று மேலே செல்லுங்கள். குப்பை எங்கே போகிறது, எவ்வளவு உரம் தயாரானது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

4. பழுதுநீக்க மறுப்பு, வாரண்டித் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் பற்றிய புகாருக்குக் கட்டணம் கிடையாது. அதற்காக பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

பாட்டிலுக்கு 10 ரூபாய் வைத்தபோது நடந்தது பால் உறைக்கும், பூச்சிமருந்து டப்பாவுக்கும், பழைய செல்போனுக்கும் நடக்கும். அதற்கு விற்பவர் திரும்ப வாங்க வேண்டும், பேரூராட்சி கலக்காமல் எடுக்க வேண்டும், நாம் பிரித்துக் கொடுக்க வேண்டும். இந்த மூன்றில் கடைசி நம் கையில் இருக்கிறது. அதை நாளையே தொடங்கிவிட்டு, மற்ற இரண்டையும் உங்கள் வார்டு உறுப்பினரிடம் உரிமையோடு கேளுங்கள்.