தலையில் அடிபட்டவருக்காக யார் பேசுவது?

விடிவதற்குள் போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஜீப் கவிழ்ந்தாலும், நிழல்மரத்தைக் கவாத்து செய்கையில் ஆள் விழுந்தாலும், ஹெல்மெட் இல்லாமல் மலை இறங்கும் பைக் சறுக்கினாலும் பெரும் ஆபத்து தலைக்குத்தான்.

கை முறிந்தால் கட்டு தெரியும். மூளையில் பட்ட அடி வெளியே தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தவர், கடைவாசலில் எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்பார். கூலியை எண்ணத் தடுமாறுவார். சின்னச் சத்தத்துக்கும் சீறுவார், மத்தியானத்துக்குள் சோர்ந்து படுத்துவிடுவார். ‘நல்லாத்தானே இருக்கான், வேலைக்குப் போக உடம்பு வளையல’ என்று ஊர் தீர்ப்பு சொல்லிவிடும். பக்கத்தில் நின்று பேச ஒருவர் வேண்டியது இப்போதுதான். அவர் டாக்டராகவோ வக்கீலாகவோ இருக்க வேண்டியதில்லை. எந்தக் காகிதம், எந்த அலுவலகம், எத்தனை நாள் கெடு என்று தெரிந்தால் போதும்.

அடிபட்ட அன்று

திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, காதிலோ மூக்கிலோ ரத்தமோ தெளிந்த நீரோ வடிவது: இதில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விடாதீர்கள். சாலை விபத்தில் உதவியவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு.

எல்லையையும் கவனிக்க வேண்டும். முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தமிழ்நாட்டுக்குள் நடக்கும் விபத்துக்கு மட்டுமே. மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நடந்தால், 2025-இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தைக் கேளுங்கள். பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் ஏழு நாள்வரை, 1.5 லட்சம் ரூபாய்வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

ஆஸ்பத்திரியில் எழுதும் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) உண்மையான காரணம் பதிவாகட்டும். ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்று யாரோ சொல்லி எழுதிவிட்டால் நஷ்டஈட்டு வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும். ஏ.ஆர். நகல், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் பத்திரமாக வையுங்கள்.

நஷ்டஈடு

சாலை விபத்து கேரளத்தில் நடந்திருந்தாலும், அடிபட்டவர் குடியிருக்கும் பகுதியின் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். சட்டம் ஆறு மாதக் கெடு சொல்கிறது. இந்தக் கெடு குறித்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தாலும், அதற்குள் மனு போடுவதே பாதுகாப்பு.

ஊன சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாக எடுக்காமல், அவரால் தன் தொழிலைச் செய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது. விபத்தில் மூளை பாதிக்கப்பட்ட ஹரியானா சிறுமியின் வழக்கில், 2020-இல் இழப்பீட்டை 62 லட்சத்துக்கு மேல் உயர்த்தியது. கூடவே இருந்து கவனிக்க இரண்டு உதவியாளர்களுக்கான செலவும் அதில் அடக்கம். வீட்டில் மனைவியோ அம்மாவோ வேலையை விட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் அதையும் மனுவில் எழுதுங்கள். மாற்றுத்திறனாளிக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

சான்றிதழ்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ‘மூளைக்காயம்’ தனியாக இல்லை. அதனால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கேட்டுப் போனால் கை, கால் மட்டும் சோதித்து, சதவீதம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட வாய்ப்புண்டு. பேச்சு, மொழி, மனநலம், உடலியக்கம் ஆகியவற்றில் என்னென்ன பாதிக்கப்பட்டிருக்கிறதோ அத்தனையையும் மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் தேவை. சந்தைக்கோ டீக்கடைக்கோ வந்தவரைப் பலர் முன்னால் வேண்டுமென்றே கேவலப்படுத்தினால், இதே சட்டத்தின் 92-வது பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டுவரை சிறை.

ஒன்றாகக் கேட்பது

தனியொரு மனு தூங்கிவிடும். மாற்றுத்திறனாளிகளையும் அவர்களைப் பாதுகாப்போரையும் சேர்த்தே திரட்டும் மாநில அளவிலான சங்கங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025-இல் சட்டத் திருத்தமும் வந்திருக்கிறது. அந்த இடத்துக்குத் தலைக்காயத்தோடு வாழ்கிறவரும் விண்ணப்பிக்கலாமே!

யாருக்காகப் பேசுகிறோமோ அவரைக் கேட்காமல் பேசக் கூடாது. மற்றவர்களுக்கு இருக்கும் அதே சட்டத் தகுதி அவருக்கும் உண்டு. முடிவெடுக்க உதவி தேவைப்பட்டால், அவரோடு கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலரை நியமிக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு வழிசெய்கிறது. நஷ்டஈட்டுப் பணம் வேறொருவர் கைக்குப் போய்விடாமல் பார்ப்பதும் நம் வேலைதான்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு அவரையும் வீட்டாரையும் அழைத்துப் போங்கள். ஜீப்பில் ஆள் எண்ணிக்கையைச் சோதிப்பது, மரமேறுகிறவருக்குத் தலைக்கவசமும் இடுப்புக்கயிறும் தருவது, சான்றிதழுக்கான மருத்துவ முகாமில் மனநல மருத்துவரும் உட்காருவது ஆகிய மூன்றையும் தீர்மானமாக்கக் கேளுங்கள். தீர்மான நகலோடு திங்கட்கிழமை தேனி ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து, ரசீதைக் கையோடு வாங்கிவாருங்கள்.