பூட்டுத் திறப்புப் பொழுதுபோக்கும் அறநெறியும்

பூட்டுத் திறப்புப் பொழுதுபோக்கு என்பது, உரிய சாவி இல்லாமலும் பூட்டை உடைக்காமலும் சிறு கருவிகளைக் கொண்டு அதைத் திறக்கும் திறனை ஆர்வத்திற்காகப் பழகுவதாகும். அமெரிக்கா, ஜெர்மனி, நெதர்லாந்து முதலிய நாடுகளில் இதற்கெனச் சங்கங்களும் போட்டிகளும் உள்ளன. அங்கு இது 'லாக்ஸ்போர்ட்' என அழைக்கப்படுகிறது. திருடுபவருக்கும் இதே திறன் பயன்படும் என்பதால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இதைப் பழகுவது சரியா? பழகி அறிந்ததைப் பிறருக்குச் சொல்வது சரியா?

பூட்டு திறக்கும் விதம்

இன்று கதவுகளில் பரவலாகக் காணப்படும் உருளைப் பூட்டு, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த லைனஸ் யேல் என்ற ஒரே பெயருடைய தந்தையாலும் மகனாலும் உருவாக்கப்பட்டது. இதனுள் வரிசையாகச் சிறு உலோக ஊசிகள் இருக்கும். ஒவ்வோர் ஊசியும் இரண்டு துண்டுகளாக அமைந்து, மேலிருந்து ஒரு ஸ்பிரிங்கால் அழுத்தப்படும். சரியான சாவியின் பற்கள் எல்லா ஊசிகளின் பிரிவிடங்களையும் ஒரே கோட்டில் நிறுத்தும்போது உருளை சுழலும்.

எந்தத் தொழிற்சாலையாலும் எல்லா ஊசிகளையும் துளைகளையும் முற்றிலும் ஒரே அளவில் செய்ய இயலாது. எனவே உருளையை மெல்லத் திருப்பினால் ஊசிகள் ஒரே நேரத்தில் இறுகாமல் ஒன்றன்பின் ஒன்றாக இறுகும். அந்த நுண்ணிய வேறுபாட்டைக் கைவிரல்களால் உணர்ந்து ஒவ்வோர் ஊசியாக நிறுத்துவதே இக்கலை. பொறுமையும் தொடுவுணர்வும் தேவைப்படும் ஒரு புதிராகவே ஆர்வலர்கள் இதைக் காண்கின்றனர்.

1851ஆம் ஆண்டு விவாதம்

இந்த அறநெறி விவாதம் இணையக் காலத்தில் தோன்றியதன்று. 1851இல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடைபெற்றபோது, ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அங்கு வந்தார். இங்கிலாந்தில் மிகவும் நம்பப்பட்ட இரண்டு பூட்டுகளை அவர் திறந்து காட்டினார். முதலாவது, தவறான சாவியைப் போட்டால் இறுகிக்கொண்டு உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கும் சப் பூட்டு. அதை அவர் ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்தார். இரண்டாவது, திறப்பவருக்கு 200 கினி பரிசு தருவதாகப் பல ஆண்டுகள் லண்டன் கடைச் சாளரத்தில் வைக்கப்பட்டிருந்த பிராமா பூட்டு. அதைத் திறக்க 16 நாட்களில் பரவிய 51 மணி நேரம் ஆயிற்று.

இச்செய்தி பொதுமக்களிடையே பெரும் கலக்கத்தை உண்டாக்கியது. பூட்டுகளின் குறைகளை வெளிப்படையாகப் பேசினால் திருடர்களுக்கு வழிகாட்டியதாகிவிடும் என்று சிலர் கூறினர். 1853இல் வெளிவந்த ஹாப்ஸின் பூட்டு நூல் இதற்கு மறுப்பு தந்தது. திருடர்கள் தம் தொழிலில் ஏற்கெனவே தேர்ந்தவர்கள். குறையை அறியாமல் இருப்பவர் பூட்டை நம்பி வாங்கும் நேர்மையானவரே என்பது அதன் வாதம்.

ஹாப்ஸ் தன்னலமற்ற ஆய்வாளரும் அல்லர். போட்டியாக விளங்கிய அமெரிக்கப் பூட்டு நிறுவனம் ஒன்றின் சார்பில் வந்தவர் அவர். எனினும் அவர் காட்டிய குறை உண்மையானது. ஒருவரது நோக்கத்தை மட்டும் பார்த்து இத்தகைய செயலை எடைபோட இயலாது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

இரண்டு விதிகள்

இன்றைய ஆர்வலர் குழுக்கள் பொதுவாக இரண்டு விதிகளை வலியுறுத்துகின்றன.

1. உங்களுக்குச் சொந்தமில்லாத பூட்டை, உரிமையாளரின் அனுமதியின்றித் திறக்க முயலக்கூடாது.
2. பயன்பாட்டில் உள்ள பூட்டில் பழகக்கூடாது.

முதல் விதி பிறர் உரிமையைக் காக்கிறது. பூட்டு என்பது வெறும் இரும்பன்று. 'இதற்குள் நுழையாதே' என்று உரிமையாளர் சொல்லும் சொல் அது. எதையும் எடுக்காவிட்டாலும் அச்சொல்லை மீறுவது தவறாகும். விடுதியில் நண்பனின் பெட்டியை வேடிக்கைக்காகத் திறந்து மீண்டும் பூட்டி வைப்பவர் பொருள் எதையும் திருடுவதில்லை. ஆயினும் தன் பொருள் பாதுகாப்பாக இருக்கிறது என்ற நண்பனின் நம்பிக்கையை அவர் கெடுத்துவிடுகிறார்.

அனுமதி யாருடையது என்பதும் கவனிக்கத்தக்கது. வாடகை வீட்டுக் கதவின் பூட்டு வீட்டு உரிமையாளருக்குச் சொந்தமானது. ஆனால் அதை நம்பி உறங்குபவர் குடியிருப்பவர். இருவரில் ஒருவரின் சம்மதம் மட்டும் போதாது. அவ்வாறே, 'சாவி தொலைந்துவிட்டது, திறந்து கொடுங்கள்' என்று கேட்பவர் உண்மையில் அவ்வீட்டைச் சேர்ந்தவர்தானா என்று உறுதிசெய்வதும் திறப்பவரின் பொறுப்பாகும்.

இரண்டாம் விதி, சொந்தப் பூட்டுக்கும் பொருந்தும். பழகும்போது ஊசிகள் தேயலாம், ஸ்பிரிங் கெடலாம், பூட்டு இறுகிப்போகலாம். வீட்டு வாசல் கதவில் இப்படி நேர்ந்தால், அவசரத்தில் வெளியேற முடியாமல் தவிப்பவர்கள் குடும்பத்தினர். ஆகவே பழைய பூட்டை விலைக்கு வாங்கி மேசைமேல் வைத்துப் பழகுவதே முறை.

குறையை வெளியிடுதல்

பழகுவதைவிடச் சிக்கலானது, கண்டறிந்ததை வெளியிடுவது. கணினி மென்பொருளில் குறை கண்டால், நிறுவனம் திருத்தத்தை இணையம் வழியாக அனுப்பிவிடலாம். பூட்டுக்கு அவ்வழி இல்லை. ஒவ்வொரு கதவிலும் ஒருவர் பணம் செலவழித்துப் பூட்டை மாற்ற வேண்டும். அச்செலவைத் தாங்க இயலாதவர், குறை ஊரறிந்த பின்னும் அதே பூட்டுடன் வாழ்வார்.

2003இல் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் மேட் பிளேஸ், பல கதவுகளுக்குப் பொதுவான தலைமைச் சாவி முறையில் உள்ள குறையை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். ஒரு சாதாரண அறையின் சாவியையும் பூட்டையும் அணுகக்கூடியவர், முழுக் கட்டிடத்திற்குமான தலைமைச் சாவியைக் கண்டறிய முடியும் என்று அது விளக்கியது. பூட்டுத் தொழிலாளர்கள் பலர் சினந்தனர். இது தங்கள் தொழிலில் முன்பே அறியப்பட்ட இரகசியம் என்றும், வெளியிட்டது பொறுப்பற்ற செயல் என்றும் சிலர் கூறினர். அக்கூற்றிலேயே மறுபக்க வாதமும் அடங்கியிருந்தது. அறிந்தவர்கள் அறிந்தே இருந்தனர். அறியாமல் இருந்தவர்கள் அக்கட்டிடங்களில் தங்கியவர்கள்.

2004இல் கிரிப்டோனைட் நிறுவனத்தின் வட்டவடிவச் சாவிகொண்ட மிதிவண்டிப் பூட்டுகளைப் பிளாஸ்டிக் பேனாக் குழாயால் திறக்க முடியும் என்ற செய்தி இணையத்தில் பரவியது. நிறுவனம் அப்பூட்டுகளை இலவசமாக மாற்றித் தந்தது. வெளியீடு பயன் தந்தது. ஆனால் செய்தி பரவிய நாளுக்கும் புதிய பூட்டு கைக்கு வந்த நாளுக்கும் இடையே ஆபத்தைச் சுமந்தவர்கள் மிதிவண்டி உரிமையாளர்களே. இதனால்தான் முதலில் தயாரிப்பாளருக்குத் தெரிவித்து, திருத்த உரிய காலம் அளித்து, பின்னர் வெளியிடுவது பொறுப்பான நடைமுறையாகக் கருதப்படுகிறது.

சட்டத்தின் நிலை

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஜப்பானில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், தகுந்த காரணமின்றிப் பூட்டுத் திறக்கும் சிறப்புக் கருவிகளை வைத்திருப்பதையே தடைசெய்கிறது. இங்கிலாந்தில் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின்படி, திருடும் பொருட்டுக் கருவியுடன் வெளியே செல்வது குற்றம். இந்தியாவில், அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறந்து உட்செல்வதும் கன்னமிடுதல் என்ற குற்ற வரையறைக்குள் அடங்கும். எதையும் உடைத்திருக்க வேண்டியதில்லை.

சட்டம் தடுக்காதவை எல்லாம் சரியானவை ஆகிவிடுவதில்லை. பூட்டைத் திறக்கும் அறிவு தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. அது பயன்படும்போதோ வெளியாகும்போதோ விளையும் ஆபத்தை யார் சுமக்கிறார், அதற்கு அவர் சம்மதித்தாரா என்பதே ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி. தன் மேசைமேல் உள்ள தன் பூட்டில் பழகுபவர் பிறர் எவர்மீதும் ஆபத்தைச் சுமத்துவதில்லை.