மூன்று மருந்தும் ஒரு மாத்திரையும்

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை. வலப்பனைக்கு மேலே இராகலைப் பக்கமாக ஏறிச் செல்லும் மலைகளிலே பனி இன்னும் கலையவில்லை. எமது இல்லத்துக்கு அயலேயுள்ள லயத்தில், கொழுந்தெடுக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் வலக்கையிலிருந்து சாயத் தண்ணீர்க் கோப்பை நழுவி வீழ்ந்தது. குனிந்து எடுக்க முயன்றவர் அப்படியே திண்ணையிற் சாய்ந்தார். வாய் ஒருபுறம் கோணிற்று, சொல் குழறிற்று. ஐம்பத்திரண்டு வயது. முதல் நாள் மாலைவரை மலையேறி இறங்கிய உடம்பு.

கூடியவர்கள் தத்தமக்குத் தெரிந்ததைச் செய்தனர். காற்றுக் கறுப்பு என்றார் ஒரு மூதாட்டி. ஒருவர் எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார். மற்றொருவர், தம் மாமனாருக்கு நெஞ்சு நோவுக்குக் கொடுத்த அஸ்பிரின் மாத்திரையைத் தேடிக் கொணர்ந்தார். நல்ல வேளையாக அஃது உள்ளே செல்லவில்லை. செய்தி எம்மை எட்டி, யாம் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தபோது ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழிந்துவிட்டது. 2016ஆம் ஆண்டு மேல், தென் மாகாணங்களிலே தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய சுவசெரிய வண்டி, கட்டணமின்றி வருவது. ஆயின் லயத்து வாசல்வரை அது வர வழியில்லை. கம்பளியிலே கிடத்தி நான்கு இளைஞர் தார் வீதிவரை சுமந்தனர். பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பி, மண்டையைப் படம் பிடித்துப் பார்த்த பின்னர் சொன்னார்கள்: மூளையினுள் குருதிப்பெருக்கு.

அவருடைய கிளினிக் கொப்பியை அன்றிரவு அவர் மருமகள் எம்மிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். பிரஷருக்கென மூன்று வகை மாத்திரைகள் எழுதப்பட்டிருந்தன. கடைசி முத்திரைக்குப் பின் ஏழு மாதங்களாக ஏடு வெறுமையாக இருந்தது. காரணம் நாமறிந்ததே. கிளினிக்குக்குப் போகும் நாளிலே பேர் விழாது. பேர் விழாவிடின் சம்பளம் இல்லை. அன்றியும், நோவு ஏதுமில்லாத உடம்புக்கு மூன்று மாத்திரை எதற்கு என்பது அவர் எண்ணம். அதனை அவர் எம்மிடம் ஒருநாள் கேட்டதும் உண்டு. "தலையிடி ஒண்ணும் இல்லை மாஸ்டர், இன்னும் முழுங்கத்தான் வேணுமா?" என்றார். பரீட்சை விடைத்தாள்களுக்குப் புள்ளியிட்டுக் கொண்டிருந்த யாம் தலை நிமிராமலே, "டொக்டரைக் கேளுங்கள் தங்கச்சி" என்றோம். அவ்வளவே. அந்த விடையின் சுமைதான் எம்மை இத்துறை நூல்களைத் தேடிப் படிக்கச் செய்தது. யாம் வைத்தியர் அல்லோம், இலக்கணம் கற்பிப்போம். படித்தவற்றுள் நமது நாட்டோடு தொடர்புடையவை சில இருத்தலின் வாசகரோடு பகிர்கின்றோம்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். பாரிசவாதம் என்பது நாம் வழங்கும் பெயர். பாரிசம் என்பது பக்கம். பார்சுவம் என்னும் வடசொல்லின் திரிபு. தமிழகத்தார் பக்கவாதம் என்பர். உடம்பின் ஒரு பக்கம் செயலறுதலைக் கண்டு இட்ட பெயர் ஆதலின், கண்ணுக்குத் தெரிந்த விளைவை அது சொல்லுகிறது. கண்ணுக்குத் தெரியாத காரணத்தைச் சொல்லவில்லை. நம் முன்னோர் வாதத்தைக் காரணமாக்கினர். மேனாட்டாரும் நெடுங்காலம் தெளிவின்றியே இருந்தனர். 1658ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து வைத்தியர் யோகான் யாக்கோப் வெப்பர், இந்நோயால் இறந்தோரின் மூளையை அறுத்துப் பார்த்து, உள்ளே குருதி கசிந்து தேங்கியிருத்தலை எழுதினார். குழாய் அடைபட்டாலும் இதே கோலம் தோன்றும், குழாய் வெடித்தாலும் இதே கோலம் தோன்றும் என்பது பின்னர் விளங்கிற்று. அடைப்பே மிகுதி; வெடிப்பு குறைவு, ஆயினும் கொடிது.

இரண்டும் வெளிக்கு ஒன்றுபோலத் தோன்றுதலே வைத்தியனுக்குப் பெரும் இடர். அடைப்புக்குக் குருதியை இளக்கும் மருந்து உதவும். வெடிப்புக்கு அதே மருந்து நஞ்சாகும். அன்று அந்த அஸ்பிரின் உள்ளே சென்றிருப்பின் என்னாகியிருக்கும் என்று எண்ணும்போதெல்லாம் எமக்கு உடல் நடுங்கும். உயிருள்ள மனிதனின் மூளையைத் திறவாமலே உள்ளே காணும் வழி 1971ஆம் ஆண்டிற்றான் கிடைத்தது. லண்டனில் அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில், ஹவுன்ஸ்ஃபீல்ட் என்னும் பொறியியலாளர் அமைத்த கதிர்க் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மண்டையைக் குறுக்குவெட்டாகக் காட்டிற்று. 1979இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இன்று நாம் 'ஸ்கேன்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

குழாய் ஏன் வெடிக்கிறது? மூளையின் அடியாழத்தே மயிர்போன்ற சிறு நாடிகள், பெரு நாடிகளிலிருந்து நேராகப் பிரிந்து செல்கின்றன. குருதியமுக்கம் பல்லாண்டு உயர்ந்திருப்பின் அவற்றின் சுவர் நைந்து ஒருநாள் உடையும். நோவு இல்லாமலே நையும் என்பதுதான் இதிலுள்ள வஞ்சனை. அமுக்கத்தை அளக்க இத்தாலியரான ரிவா ரொக்கி 1896இற் கையிற் சுற்றும் பட்டியையும் இரசக் குழாயையும் அமைத்தார். 1905இல் உருசியரான கொரொற்கோவ் நாடியின் ஒலியைக் கேட்டு அளவு கூறும் முறையைச் சொன்னார். அளக்கத் தெரிந்தும் தணிக்கத் தெரியாத காலம் ஒன்று நடுவே இருந்தது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ற் 1945 ஏப்பிரல் 12ஆம் நாள் மூளைக் குருதிப்பெருக்கால் மாண்டபோது அவருடைய அமுக்கம் 300க்கு 190 என்று குறிக்கப்பட்டது. உலகின் வலிமைமிக்க நாட்டுத் தலைவருக்கும் அந்நாளிலே தக்க மாத்திரை கிடையாது. இன்று நம் தோட்டத்து மருந்தகத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது.

மாத்திரை கிடைத்தால் மட்டும் போதுமா? அது பயன்தரும் என்பதை எவ்வாறு அறிவது? இங்கேதான் பரிசோதனை ஆய்வு என்பது வருகிறது. நம்மவர் பலர் இச்சொல்லைக் கேட்டதும், மனிதரை எலியாக்கும் செயல் என்று அஞ்சுவர். அச்சம் முற்றும் பொய்யன்று. ஏழைகளிடத்து அத்தகைய கொடுமைகள் உலகில் நிகழ்ந்துள. ஆயின் முறைப்படி நடக்கும் ஆய்வு வேறு. நோயாளிக்கு அவருடைய மொழியிலே எல்லாவற்றையும் விளக்கிச் சம்மதம் பெறல் வேண்டும். வேண்டாமென அவர் எப்போதும் விலகலாம். நெறிமுறைக் குழு ஒன்று முன்கூட்டியே ஆராய்ந்து ஒப்புதல் தரவேண்டும். பின்னர் யாருக்கு எம்மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்குதல்போல் விதிவழி விடுவர். வைத்தியரின் விருப்பு வெறுப்புகள் உட்புகாதிருக்கவே இந்தக் குலுக்கல். வலியோருக்குப் புது மருந்தும் மெலியோருக்குப் பழைய மருந்தும் கொடுத்துவிட்டுப் புதியதே சிறந்தது என்றால் அஃது ஆய்வாகாது.

இம்முறையின் வலியை உணர்த்திய ஓர் ஆய்வு 1967இல் அமெரிக்கப் படைவீரர் வைத்தியசாலைகளிலிருந்து வெளிவந்தது. கீழ் அமுக்கம் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களுள் 73 பேருக்கு மருந்தும் 70 பேருக்கு மருந்தற்ற வெற்று மாத்திரையும் கொடுத்தனர். வெற்று மாத்திரை உண்டோருள் 27 பேருக்குக் கடுந்தீங்கு நேர்ந்தது. மருந்து உண்டோருள் இருவருக்கே நேர்ந்தது. அதன்பின் ஐயம் எங்ஙனம் நிற்கும்?

இனி நமது நாட்டுக்கு வருவோம். மருந்து உண்டு, விலையும் மலிவு, ஆயினும் அமுக்கம் அடங்குவதில்லை. ஏன்? ஒரு மாத்திரையிலே தொடங்கி, போதாவிடிற் கூட்டி, பின் இரண்டாவதைச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கிளினிக்குக்கு வரச் செய்து, இப்படி மாதங்கள் கழிகின்றன. நோயாளி களைத்துவிடுகிறார். இதற்கு மாற்றாக மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாக்கித் தொடக்கத்திலேயே கொடுத்தால் என்ன என்று சிட்னி நகர் ஜோர்ஜ் ஆய்வு நிறுவகத்தாரும் களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அசித டி சில்வா முதலியோரும் எண்ணினர். 2016 பெப்ரவரி முதல் 2017 மே வரை இலங்கையின் 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேரைச் சேர்த்து அதனை ஆராய்ந்தனர். ரூத் வெப்ஸ்டர் முதலாசிரியராக 2018இல் முடிவு வெளியாயிற்று.

அம்மாத்திரையில் இருந்தவை ரெல்மிசாற்றன் 20 மில்லிகிராம், அம்லோடிபின் 2.5 மில்லிகிராம், குளோர்தலிடோன் 12.5 மில்லிகிராம். முதலாவது குழாயைச் சுருக்கும் உடற்சாற்றின் வேலையைத் தடுக்கும். இரண்டாவது குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்தும். மூன்றாவது உப்பையும் நீரையும் சிறுநீர்வழி போக்கும். கனத்த கொழுந்துச் சாக்கை ஒருவன் தனியே தூக்கின் இடுப்பு முறியும்; மூவர் மூன்று முனையைப் பிடித்தால் எவருக்கும் நோவில்லை. அதுபோலவே ஒவ்வொரு மருந்தும் சிறிதளவே ஆதலின் பக்கவிளைவு மிகவில்லை. ஆறு மாதத்தின் பின் பார்த்தபோது, மும்மருந்து மாத்திரை உண்டோருள் 70 விழுக்காட்டினர் உரிய அளவை எட்டியிருந்தனர். வழமையான சிகிச்சை பெற்றோருள் 55 விழுக்காட்டினரே எட்டினர். மருந்து ஒவ்வாமையால் நிறுத்தியோர் இரு பாலும் ஏறத்தாழச் சமமே. நம் நாட்டுக் கிளினிக் வாங்கிலிற் குந்தியிருந்த எளியவர் எழுநூற்றுவர், உலகத்து வைத்தியருக்கு ஒரு பாடம் சொல்லினர் என்பதில் எமக்குப் பெருமையே.

அவ்வாய்வு அமுக்கத்தை மட்டும் அளந்தது. மூளையில் ஒருமுறை குருதி பெருகியவருக்கு மீண்டும் பாரிசவாதம் வாராது தடுக்குமா என்பது அடுத்த வினா. அதற்கு விடை காணக் கிரேக் அண்டர்சன் என்னும் நரம்பியற் பேராசிரியரின் தலைமையில் 'திரைடன்ற்' என்னும் ஆய்வு நடந்தது. திரைடன்ற் என்றால் திரிசூலம், பொருத்தமான பெயர்தான். இதிலே குளோர்தலிடோனுக்குப் பதிலாக இந்தபமைட் 1.25 மில்லிகிராம் சேர்ந்தது. 12 நாடுகளில் 1670 பேர் பங்குகொண்டனர். இலங்கையரும் அவர்களுள் அடங்குவர். ஒரு பாலார்க்கு மாத்திரை, மறு பாலார்க்கு வெற்று மாத்திரை. அதன்மேல் வழமையான கவனிப்பு இருவர்க்கும் உண்டு. 2025 அக்டோபரிற் பார்சிலோனாவிற் கூடிய உலகப் பாரிசவாத மாநாட்டில் முடிவைச் சொன்னார்கள்: மாத்திரை உண்டோரிடத்து மீண்டும் பாரிசவாதம் வருதல் 39 விழுக்காடு குறைந்தது.

இது தடுப்பு. வந்த அன்றே செய்வது என்ன? மண்டையைத் திறந்து குருதிக் கட்டியை நீக்குதலே இயல்பான எண்ணம். ஆயின் 27 நாடுகளில் 1033 பேரிடத்து நடந்து 2005இல் வெளியான ஆய்வு, விரைந்து அறுத்தலால் பொதுவிற் கூடுதல் நன்மையில்லை என்றது. சிறு துளைவழி குருதியை எடுக்கும் புது முறை தக்க நோயாளிக்குப் பயன்தருதலை 2024இல் வெளியான வேறோர் ஆய்வு காட்டியது. அறுவையைவிட எம்மைக் கவர்ந்தது 2023இல் வெளியான ஒன்று. 10 நாடுகளில், இலங்கையும் உட்பட, 121 வைத்தியசாலைகளில் 7036 பேர். அதிற் செய்தவை நான்கே: ஒரு மணி நேரத்துள் மேல் அமுக்கத்தை 140க்குக் கீழ் இறக்குதல், சர்க்கரையை அடக்குதல், காய்ச்சலைத் தணித்தல், குருதி இளக்கும் மருந்து முன்பே உண்டிருப்பின் அதனை முறித்தல். புது மருந்து ஒன்றுமில்லை. பழையவற்றைச் சேர்த்துக் காலந்தாழ்த்தாது செய்ததனாலேயே ஆறு மாதத்தின்பின் இறந்தோரும் முடமானோரும் குறைந்தனர். ஒரு மணி நேரம் என்ற சொல்லைப் படித்தபோது எண்ணெய் காய்ச்சிய அடுப்பு எமக்கு நினைவில் வந்தது.

வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் என நான்கு கூறாக்கினார். நான்காம் கூற்றையும் இக்காலத்தார் ஆராய்ந்துளர். இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1250 பேரிடத்து, குடும்பத்தாருக்கே உடற்பயிற்சி கற்பித்து வீட்டிற் செய்வித்தனர். 2017இல் வந்த முடிவு, எதிர்பார்த்த நன்மை காணோம் என்பதே. மறைக்காது சொன்ன நேர்மையை மெச்சவேண்டும். மாறாக, வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் கிராமங்களில், சுகாதாரப் பணியாளர் வீடுதேடிச் சென்று அமுக்கம் அளந்து புத்தி சொன்ன ஆய்வு 2020இல் வெளியாயிற்று. 2645 பேர், ஈராண்டின் முடிவில் மேல் அமுக்கம் மற்றையோரைவிட ஏறத்தாழ 5 அலகு கூடுதலாகக் குறைந்தது. அளவு சிறிதெனத் தோன்றும். ஒரு சமூகம் முழுவதும் 5 அலகு இறங்கின் எத்தனை குழாய்கள் வெடியாது நிற்கும்! மலையகத்து லயங்களுக்கு இதுவே பொருந்தும் வழி என்பது எம் கருத்து. நோயாளி கிளினிக்கைத் தேடிப் பேரை இழப்பதினும், அளக்கும் கருவி பிரட்டுக்களத்துக்கு வருதல் எளிதன்றோ? வள்ளுவர் நம் காலத்தில் இருந்திருப்பின், விடுப்புத் தரும் கணக்கப்பிள்ளையை ஐந்தாம் கூறாகச் சேர்த்திருப்பாரோ என்று வேடிக்கையாக எண்ணுவதுண்டு.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரை, அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோருக்கு உயர் அமுக்கம் இருந்ததையும், தேநீரில் அவர்கள் உப்பிட்டுக் குடிப்பதையும் சுட்டிற்று. நாம் தேநீரில் உப்பிடுவதில்லை. கருவாட்டில் இடுகிறோம்.

அப்பெண்மணி உயிர் பிழைத்தார். வலக்கை இன்னும் முழுதும் திரும்பவில்லை. கொழுந்துக் கூடை மருமகளிடம் சென்றுவிட்டது. மாதந்தோறும் கிளினிக்குக்கு முதல் நாள் மாலை எம்மிடம் வருவார். கொப்பியை இடக்கையால் விரித்து, எந்த மாத்திரை காலையில், எது இரவில் என்று வாசித்துக் காட்டச் சொல்வார். மூன்று பெயர்களையும் யாம் உரக்கப் படிப்போம். இப்போது விடைத்தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டே படிக்கின்றோம்.