பறவையின் குடலில் ஒளிந்திருக்கும் புழு... டிஎன்ஏ காட்டிக் கொடுப்பது எப்படி?

1990களின் இறுதி. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநில பண்ணைக் குளங்களில் கெளுத்தி மீன்கள் செத்து மிதக்கத் தொடங்கின. தோலுக்கு அடியில் சின்னச் சின்ன கட்டிகள். உள்ளே புழுவின் இளம் பருவம். இந்தப் புழு எங்கிருந்து வந்தது?

சந்தேகம் போனது, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வெள்ளை கூழைக்கடாக்கள் மீது. ஆனா சந்தேகம் மட்டும் போதுமா? ஆதாரம் வேணுமே!

புழு பரவுவது எப்படி?

இது ஒரு வகை தட்டைப்புழு. வாழ்ந்து முடிக்க 3 வீடு தேவை.

* பறவை: குடலில் புழு வளர்ந்து முட்டையிடும். முட்டை எச்சத்தோடு குளத்தில் விழும்.
* நத்தை: முட்டையிலிருந்து வரும் குஞ்சு நத்தைக்குள் நுழைந்து பெருகும்.
* மீன்: நத்தையிலிருந்து வெளியேறும் புழுக்கள் மீனின் தோலைத் துளைத்து உள்ளே தங்கும்.

அந்த மீனை பறவை தின்றால் மறுபடியும் முதல் வீடு.

சிக்கல் எங்கே?

மூன்று இடத்திலும் புழுவுக்கு மூன்று உருவம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒரே புழு என்றே சொல்ல முடியாது. இளம் பருவத்தில் இனம் பிரிப்பது இன்னும் கஷ்டம்.

டிஎன்ஏ என்ன செய்தது?

உருவம் மாறினாலும் மரபணு மாறாது. பறவை, நத்தை, மீன் மூன்றிலும் கிடைத்த புழுக்களின் மரபணு எழுத்து வரிசையை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். கொரோனா காலத்தில் நாம் கேள்விப்பட்ட அதே பிசிஆர் முறையில் குறிப்பிட்ட மரபணுத் துண்டை பல மடங்கு பெருக்கி, பிறகு வரிசையைப் படிப்பார்கள்.

முடிவில் ஒரு ஆச்சரியம். கூழைக்கடா குடலில் இருந்தது ஒரு இனம் அல்ல, இரண்டு! அதில் ஒன்றுதான் மீன்களைக் கொன்ற புழுவோடு ஒத்துப்போனது. 2002ல் அதற்கு ‘போல்போஃபோரஸ் டாம்னிஃபிகஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ‘டாம்னிஃபிகஸ்’ என்றால் லத்தீனில் கேடு செய்வது என்று பொருள். பின்னாளில் நீர்க்காகத்திலும் இதே புழு வளர்வது மரபணு சோதனையில் உறுதியானது.

பறவையைக் கொல்லாமலே கண்டுபிடிக்கலாமா?

முடியும். எச்சத்தில் புழுவின் முட்டையும் டிஎன்ஏவும் இருக்கும். ஒரே மாதிரியில் இருக்கும் பல ஒட்டுண்ணிகளை ஒரே நேரத்தில் அடையாளம் காணும் வசதியும் இப்போது இருக்கு.

ஆனா இரண்டு விஷயத்தை கவனிக்கணும். பறவை தின்ற மீனில் இருந்த வேறு புழுவின் டிஎன்ஏ, குடலில் தங்காமலே எச்சத்தில் வந்துவிடலாம். அதோடு, ஒப்பிட்டுப் பார்க்க அந்த இனத்தின் வரிசை ஏற்கனவே பதிவாகி இருக்கணும். இல்லைன்னா யாருடைய டிஎன்ஏ என்றே தெரியாது.

இதனால் யாருக்கு லாபம்?

கூழைக்கடா சட்டப் பாதுகாப்பு பெற்ற பறவை. நினைத்தபடி சுட முடியாது. ஒரு கூட்டத்தை விரட்டினாலும் அடுத்த கூட்டம் வரும். மீன் கொஞ்சமாக பாதிக்கப்பட்டாலே தீனி எடுப்பது குறையும், நஷ்டம் பண்ணைக்காரருக்குத்தான்.

சங்கிலி முழுசா தெரிந்ததால், எந்த இடத்தில் அதை அறுக்கலாம் என்பதும் தெரிந்தது. அது நத்தை. குளத்தின் ஓரங்களில் மயில்துத்தம் அல்லது சுண்ணாம்பு போட்டு நத்தையைக் குறைக்கிறார்கள். நத்தை இல்லையென்றால் புழுவுக்கு அடுத்த வீடு இல்லை. பறவையும் தப்பிக்கும், மீனும் தப்பிக்கும்.