வேதமும் வீடும் – 14: வியாழக்கிழமை ஜானுக்கு

1705-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் எப்வர்த் என்ற ஊர்ச் சபையின் குருவான சாமுவேல் வெஸ்லி, கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். கடன் 30 பவுனுக்கும் குறைவு. அந்த ஆண்டுத் தேர்தலில் அவர் நின்ற பக்கம் ஊராரில் பலருக்குப் பிடிக்கவில்லை. அதனால் மூண்ட பகைதான் கடனை நெருக்கிக் கேட்க வைத்தது. சிறைக்குப் போவதற்குச் சில வாரங்கள் முன்பு, குருமனையின் வாசலில் ஒரு கூட்டம் இரவு முழுவதும் மேளம் கொட்டித் துப்பாக்கி வெடித்தது. தூக்கம் கெட்டு அசந்துபோன செவிலித்தாய் விடியற்காலையில் கண்ணயர்ந்தபோது, அருகே கிடந்த கைக்குழந்தை அவளுக்கு அடியில் அகப்பட்டு மூச்சுமுட்டி இறந்துபோனது. குரு சிறையில் இருந்த நாளில் அவர் வீட்டுக் கறவை மாடுகளையும் இரவில் யாரோ கத்தியால் குத்திவிட்டுப் போனார்கள்.

அந்தச் சமயத்தில் யார்க் பேராயர் ஜான் ஷார்ப், குருவின் மனைவி சூசன்னாவிடம் நேராகவே கேட்டார்: அப்பத்துக்கே வழியில்லாமல் இருந்ததுண்டா? சூசன்னா யோசித்துப் பதில் சொன்னார். அப்பமே இல்லாமல் போனதாகச் சொல்ல முடியாது. ஆனால் அது கைக்கு வரும்வரை படும் கவலையும், சாப்பிட்ட பிறகு அதற்குப் பணம் கட்டப் படும் கவலையும் சேர்ந்து, அதைச் சாப்பிடுவதையே கசப்பாக்கிவிடுகின்றன என்றார். பேராயர் பண உதவி செய்தார்.

உபத்திரவம் வந்தால் விசுவாசம் தானாக வளரும் என்று நம் சபைகளில் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். எனக்கு அதில் சம்மதமில்லை. கடனும் நோயும் சாவும் புகுந்த பல வீடுகளில் ஜெபம் நின்றுபோயிருக்கிறது. வேதப்புத்தகம் அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்விட்டிருக்கிறது. ரோமர் 5-ஆம் அதிகாரத்தில் உபத்திரவத்தில் தொடங்கி பொறுமை, பரீட்சை, நம்பிக்கை என்று பவுல் படிப்படியாக ஏறிப் போகிறார். அந்தப் படிகளுக்கு இடையில் ஒரு வீட்டில், ஒரு சாதாரண நாளில், என்ன நடக்கிறது என்பதைத்தான் இந்தத் தொடர் தேடிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சூசன்னா வெஸ்லியைப் போல விடை தரும் வாழ்க்கைகள் சிலவே.

அவர் 1669-இல் லண்டனில் பிறந்தவர். தகப்பனார் சாமுவேல் அன்னஸ்லி, 1662-இல் அரசு விதித்த ஆராதனை முறைக்கு உடன்படாமல் குருப் பதவியை இழந்தவர். அவருடைய 25 பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை சூசன்னா. பதின்மூன்று வயதுக்குள்ளாகவே இரண்டு பக்கத்து வாதங்களையும் எடைபோட்டுப் பார்த்து, தகப்பன் விட்டுவந்த இங்கிலாந்து திருச்சபைக்கே திரும்பிப் போனார். 1688-இல் திருமணம். பத்தொன்பது பிரசவங்கள். ஒன்பது குழந்தைகள் சிசுவிலேயே இறந்தன. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காதவர்கள். அரசர் மூன்றாம் வில்லியமுக்கான ஜெபத்துக்கு மனைவி ஆமென் சொல்லவில்லை என்று கணவர் வீட்டைவிட்டே போயிருந்த மாதங்களும் உண்டு. அவர்கள் மறுபடி சேர்ந்த பிறகு 1703-இல் பிறந்தவர்தான் பின்னாளில் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி.

1709 பிப்ரவரி 9-ஆம் தேதி இரவு குருமனை தீப்பிடித்து முழுவதும் எரிந்தது. நிறைமாதக் கர்ப்பிணியான சூசன்னா முகமும் கையும் கருக, தீயின் ஊடாகவே நடந்து வெளியே வந்தார். ஐந்து வயது ஜான் மாடியில் அகப்பட்டுக்கொண்டான். ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று ஜன்னல் வழியாக அவனை இறக்கினார்கள். பிரசங்கங்களில் நாம் கேட்பது பெரும்பாலும் இதுவரைதான். தீயிலிருந்து எடுக்கப்பட்ட கொள்ளி என்று சொல்லி அடுத்த கதைக்குப் போய்விடுகிறோம். எனக்கு அதற்குப் பிந்தைய மாதங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன.

வீடு எரிந்ததால் பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டில் தங்க நேர்ந்தது. மறுபடி ஒரே கூரையின்கீழ் வந்தபோது அவர்கள் பழைய பிள்ளைகளாக இல்லை. பேச்சு முரடாகியிருந்தது. ஓய்வுநாள் ஒழுங்கு மறந்திருந்தது. வீணான பாட்டுகளைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். இத்தனை ஆண்டுப் பாடுபட்ட வளர்ப்பு சில மாதங்களில் கரைந்துபோனதைக் கண்ட தாய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பாடம் தொடங்கும்போதும் முடியும்போதும் சங்கீதம் பாடுவது என்று வழக்கமாக்கினார். மாலை ஐந்து மணிக்கு மூத்த பிள்ளை, பேசத் தெரிந்த பிள்ளைகளிலேயே சின்னதைக் கூட்டிக்கொண்டு போகும். இரண்டாவது அதற்கு அடுத்ததைக் கூட்டிக்கொண்டு போகும். இப்படி இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து அன்றைய சங்கீதங்களையும் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரத்தையும் வாசிப்பார்கள். காலையில் சங்கீதங்களோடு பழைய ஏற்பாட்டு அதிகாரம். 1732-இல், அப்போது பெரியவனாகிவிட்ட ஜான் கேட்டதற்காக எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் அவர் விவரித்திருக்கிறார். ஐந்து வயது முடிந்த மறுநாள் எழுத்துப் படிப்பு தொடங்கும். பெரும்பாலான பிள்ளைகள் ஒரே நாளில் எழுத்துகளைக் கற்றார்கள். அடுத்து அவர்கள் கையில் வைத்த முதல் பாடம் ஆதியாகமம் முதல் அதிகாரம்.

அந்த வளர்ப்பில் கண்டிப்பு அதிகம். பிள்ளைகளின் சுயசித்தத்தை முதலில் அடக்கிவிட வேண்டும் என்று அதே கடிதத்தில் அவர் சொல்வதை இன்று நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் மூத்த பிள்ளை சின்னப் பிள்ளைக்கு வசனம் வாசித்துக்காட்டும் அந்த ஐந்து மணியை நம் வீடுகள் ஒவ்வொன்றிலும் பார்க்க ஆசைப்படுகிறேன். நம் குடும்ப ஜெபம் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாதிப் பிள்ளைகள் தூங்கிவிழும்போது, அப்பா ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதாகவே நடக்கிறது. பிள்ளையின் கையில் வசனத்தைக் கொடுத்து, தம்பிக்கு நீ சொல்லு என்று விடுவது வேறு விதமான வளர்ச்சி.

தீயில் சூசன்னாவின் எழுத்துகளும் சாம்பலாகியிருந்தன. அவர் மறுபடி எழுதினார். 1710 ஜனவரியில், வேறிடத்தில் தங்கியிருந்த மகள் சூக்கிக்கு அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை வரிவரியாக விளக்கி நீண்ட கடிதம் அனுப்பினார். பிறகு பத்துக் கட்டளைகளுக்கும் விளக்கம் எழுதினார். வீட்டு வேலைக்கு நடுவே முந்தானைபோல மேலங்கியைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு ஜெபித்தார் என்ற கதை பிரசங்கிகளுக்குப் பிரியமானது. எனக்கு அதைவிட அவருடைய தியானக் குறிப்பேடுகள் போதும். அவற்றில் பல பதிவுகளின் தலையில் காலை, நண்பகல், மாலை என்று பொழுது குறிக்கப்பட்டிருக்கிறது. பத்துப் பிள்ளைகளின் தாய், தீராத கடன்காரரின் மனைவி, ஒரு நாளில் இப்படி நேரம் பிரித்து உட்கார்ந்து தன் மனதை வேதத்தின் முன் வைத்திருக்கிறார்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். 1706 ஜூலை 9-ஆம் தேதி டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய இரண்டு ஜெர்மானியர்கள், சீகன்பால்கும் புளுட்சோவும், தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சீகன்பால்க் மணலில் விரலால் எழுதிப் பழகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் எழுத்து கற்றார். எப்வர்த் வீடு எரிந்த அதே குளிர்காலத்தில் அவர் டேன்ஸ்போர்க் கோட்டையில் சிறைப்பட்டிருந்தார். தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்கள் 1709 முதல் லண்டனில் ஆங்கிலப் புத்தகமாக வெளிவந்தன. அதில் ஒரு பிரதி எப்வர்த் குருமனையின் புத்தக அறைக்கு வந்து சேர்ந்திருந்தது.

மூத்த மகள் எமிலியா அதைக் கண்டெடுத்து வாசித்துக்காட்டினாள். தன் வாழ்நாளில் வேறெதுவும் தன்னை அவ்வளவு அசைத்ததில்லை என்று சூசன்னா 1712 பிப்ரவரி 6-ஆம் தேதி கணவருக்கு எழுதினார். அன்று மாலையின் பெரும்பகுதி தேவனைத் துதிப்பதிலேயே போயிற்று. பல நாள் வேறு நினைவே இல்லை. நான் ஆணுமல்ல, ஊழியக்காரியுமல்ல. ஆனாலும் இப்போது செய்வதைவிட அதிகமாக ஏதாவது செய்யலாமே என்று தோன்றிற்று. எங்கே தொடங்குவது? வீட்டுக்குள்ளேயே. ஒவ்வொரு பிள்ளையோடும் வாரத்தில் ஒரு மாலை தனியாகப் பேசுவது என்று தீர்மானித்தார். திங்கள் மாலிக்கு, செவ்வாய் ஹெட்டிக்கு, புதன் நான்சிக்கு, வியாழன் ஜானுக்கு, வெள்ளி பாட்டிக்கு, சனி சார்லஸுக்கு, ஞாயிறு எமிலியாவுக்கும் சூக்கிக்கும்.

தரங்கம்பாடி மணலில் தமிழ் படித்த ஒருவரின் கடிதம், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒரு தாயைத் தன் பிள்ளைக்கு ஒரு மாலை ஒதுக்க வைத்தது. நம் சபை வரலாற்றில் இதை நாம் போதுமான அளவு சொல்லிக்கொள்ளவில்லை. நூறு ஆண்டுகள் கழித்து, 1814-இல், அந்த வியாழக்கிழமைச் சிறுவனின் பெயரைத் தாங்கிய வெஸ்லியன் ஊழியர்கள் இலங்கையில் இறங்கி, அவர்களில் இருவர் யாழ்ப்பாணத் தமிழரிடம் போனார்கள்.

சூசன்னா அந்தக் கடிதம் எழுதிய 1712-இன் குளிர்காலத்தில் கணவர் திருச்சபை மாமன்றக் கூட்டத்துக்காக லண்டனில் இருந்தார். ஞாயிறு மாலையில் சூசன்னா பிள்ளைகளையும் வேலையாட்களையும் உட்கார வைத்து ஜெபம் வாசித்து, ஒரு பிரசங்கத்தையும் படித்துக்காட்டுவார். வேலைக்காரப் பையன் தன் வீட்டில் போய்ச் சொல்ல, அவனுடைய பெற்றோர் வந்தார்கள். முப்பது பேர், நாற்பது பேர் என்று ஆகி, கடைசியில் சமையலறையில் இருநூறு பேருக்குமேல் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். இடமில்லாமல் திரும்பிப் போனவர்களும் உண்டு. உதவி குரு இன்மனுக்கு இது பொறுக்கவில்லை. லண்டனுக்குப் புகார் போயிற்று. ஒரு பெண் இதைச் செய்வது நன்றாக இல்லை, வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லக் கூடாதா என்று கணவர் எழுதினார். வருகிற ஆண்களில் ஒருவருக்கும் எழுத்துக்கூட்டாமல் ஒரு பிரசங்கத்தை வாசிக்கத் தெரியாது என்று சூசன்னா பதில் எழுதினார். நீங்கள் இல்லாதபோது இந்த வீட்டின் ஆத்துமாக்கள் எனக்கு ஒப்புவிக்கப்பட்ட தாலந்து என்றார். நிறுத்த வேண்டுமானால், விரும்புகிறேன் என்று எழுதாதீர்கள். அது என் மனசாட்சிக்குப் போதாது. கட்டளையாகவே அனுப்புங்கள், நியாயாசனத்துக்கு முன் நிற்கும்போது இந்தக் கடமையை விட்ட பழி என்மேல் இல்லாதபடி தெளிவாக எழுதுங்கள் என்றார். கட்டளை வரவில்லை.

இத்தனையும் செய்த வீட்டில் துக்கம் நின்றுவிடவில்லை. 1725-இல் ஹெட்டி ஒருவனை நம்பி வீட்டைவிட்டுப் போய் ஏமாந்து, கர்ப்பிணியாகத் திரும்பினாள். தகப்பன் அவளை ஈயவேலை செய்யும் வில்லியம் ரைட் என்பவருக்கு அவசரமாகக் கட்டிவைத்தார், கடைசிவரை மன்னிக்கவில்லை. தாயின் மனமும் அப்போது கடினமாகத்தான் இருந்தது. அடுத்த ஆண்டு ஜான் பிரசங்க பீடத்தில் ஏறி, தவறு செய்தவர்களிடமும் அன்பு காட்ட வேண்டும் என்று பேசினார். தகப்பனுக்குக் கோபம். பிரசங்கத்தைக் கேட்ட தாயோ உடனே கண்டுகொண்டார்: இது ஹெட்டிக்காக எழுதினது, மற்றதெல்லாம் கடைசிப் பகுதிக்காகச் சேர்த்தது என்றார். பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்த வேதம் பிள்ளையின் வாயிலிருந்தே தாயைக் கடிந்துகொண்டது. விசுவாச வளர்ச்சியில் இந்தக் கட்டம் மிகக் கடினமானது. கற்பித்தவர் மறுபடி மாணவராக உட்கார வேண்டியிருக்கிறது.

அவர் உட்கார்ந்தார். 1732-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கல்லூரி ஆசிரியராயிருந்த ஜான், பழைய வியாழக்கிழமை மாலையில் ஒரு சிறு பகுதியையாவது தனக்காக இன்னும் ஒதுக்க முடியுமா என்று கேட்டு எழுதினார். அப்போது அது என் அறிவை உருவாக்கியது, இப்போது என் இருதயத்தைத் திருத்த வேண்டும் என்றார். 1735-இல் கணவர் இறந்தார். சூசன்னா பிள்ளைகளின் வீடுகளில் மாறி மாறித் தங்கினார். 1739-இல், எழுபது வயதில், மருமகன் ஹால் கையிலிருந்து திருவிருந்தின் பாத்திரத்தை வாங்கியபோது, கிறிஸ்துவின் இரத்தம் உனக்காக என்ற வார்த்தை உள்ளே இறங்கியது என்றும், தன் பாவங்கள் எல்லாம் மன்னிக்கப்பட்டதை அந்தக் கணம் அறிந்துகொண்டதாகவும் ஜானிடம் சொன்னார். பாவமன்னிப்பின் நிச்சயத்தை இந்த வாழ்விலேயே பெறலாம் என்று அதுவரை தான் கேள்விப்பட்டதே அரிது என்றார். தன் தகப்பனுக்கு அது இருந்தது, ஆனால் அது வெகு சிலருக்கு மட்டும் கிடைக்கும் தனிப்பட்ட ஆசீர்வாதம் என்று நினைத்திருந்தாராம். ஆயிரக்கணக்கான காலைகளில் வேதத்தை விரித்த ஒருவருக்கு எழுபதாம் வயதில் புதிய வாசல் திறந்ததை வாசிக்கும்போது, சலித்துப்போன வேதவாசிப்போடு உட்கார்ந்திருக்கும் யாருக்கும் தைரியம் வராமல் போகாது.

கடைசி ஆண்டுகளை லண்டனில், ஜான் ஆராதனைக் கூடமாக மாற்றிய பழைய பீரங்கி வார்ப்படசாலையில் கழித்தார். 1740-ஐ ஒட்டி ஒரு நாள், ஜான் ஊரில் இல்லாதபோது, குருப்பட்டம் பெறாத தாமஸ் மாக்ஸ்ஃபீல்ட் என்ற இளைஞர் அங்கே எழுந்து பிரசங்கிக்கத் தொடங்கிவிட்டார். செய்தி கேட்ட ஜான் கோபமாகத் திரும்பி வந்தார். எப்வர்த் சமையலறைக் கூட்டத்தைப் பற்றி இன்மன் எழுப்பியதைப் போன்ற ஆட்சேபம் இப்போது மகனின் வாயில். தாய் அவரை நிறுத்தினார். அந்த இளைஞனை என்ன செய்யப் போகிறாய் என்று கவனமாக யோசி. நீ அழைக்கப்பட்டது எவ்வளவு நிச்சயமோ அவனும் பிரசங்கிக்க அவ்வளவு நிச்சயமாகத் தேவனால் அழைக்கப்பட்டவன். முதலில் போய் நீயே கேள் என்றார். ஜான் போய்க் கேட்டார். தடுக்கவில்லை. மாக்ஸ்ஃபீல்டுக்குப் பிறகு யார்க்ஷயரில் கொத்தனார் ஜான் நெல்சன், அவருக்குப் பிறகு இன்னும் பலர், கைவேலை முடிந்த மாலைகளில் வேதத்தைத் திறந்து தங்கள் ஊராருக்கு வாசித்தார்கள்.

(தொடரும்)