வானில் நிற்கும் செல்போன் கோபுரம்

வெள்ளத்தில் அறுந்த பேச்சை மீட்டுத் தருகிறது, டிரோன்

பிழைப்புக்காக வெளியூர் வந்தவனுக்கு, சொந்த ஊரில் வெள்ளம் என்ற செய்தியே வயிற்றைக் கலக்கும். அதைவிடக் கொடுமை, வீட்டுக்குப் போன் போட்டால் மணி அடிக்காமல் இருப்பது. வெள்ளம் எத்தனை அடி என்று டி.வி. சொல்லிவிடும். அம்மா மாடிக்கு ஏறினாளா என்று யார் சொல்வது?

2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 17, 18-ந் தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பேய்மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டி மீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டது. மின்சாரம் நின்றது. பல ஊர்களில் செல்போன்கள் ஊமையாகிவிட்டன.

அந்த நாட்களில் பெங்களூருவில் ரெயில் நிலைய கவுண்ட்டருக்கு வந்தவர்களில் பலர் டிக்கெட் வாங்க வரவில்லை. "சார், எங்க ஊர்ப் பக்கம் ஏதாவது தகவல் உண்டா?" என்று கேட்கத்தான் வந்தார்கள். ஸ்ரீராமபுரத்தில் மூட்டை தூக்குகிறவரும் கேட்டார், சிவாஜிநகரில் கணக்கு எழுதுகிறவரும் கேட்டார். எல்லோர் கையிலும் போன் இருந்தது. பேசத்தான் வழி இல்லை.

நடு வழியில் 800 பேர்

டிசம்பர் 17-ந் தேதி இரவு திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் பாதையின் கீழே இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வண்டியை அங்கே நிறுத்தியதால் பெரும் விபத்து தப்பியது.

ஆனால் சுமார் 800 பயணிகள் நாலாபுறமும் தண்ணீரில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு பகுதியினர் அருகில் இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மற்றவர்கள் ரெயிலிலும் நிலையத்திலுமாக இரண்டு இரவுகளைக் கழித்தார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலங்கள் வந்தன. 19-ந் தேதிதான் அவர்கள் மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சி வழியாக சிறப்பு ரெயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் "நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம், குழந்தைக்குப் பால் வேண்டும், ஒருவருக்கு சர்க்கரை நோய் மாத்திரை வேண்டும்" என்று சொல்ல ஒரு போன் கிடைத்தால், அது ஒரு படகுக்குச் சமம்.

கோபுரம் ஏன் சாகிறது?

செல்போன் கோபுரம் இடிந்து விழுந்தால்தான் போன் நிற்கும் என்பது இல்லை. மின்சாரம் போனதும் கோபுரம் பேட்டரியில் ஓடும். அது சில மணி நேரம்தான். பிறகு டீசல் ஜெனரேட்டர். டீசல் லாரி வர ரோடு இல்லை என்றால் அதுவும் நிற்கும். மின்சாரம் இருந்தாலும், பூமிக்கடியில் போகும் கண்ணாடி இழைக் கேபிள் பாலத்தோடு அடித்துச் செல்லப்பட்டால், கோபுரம் உயிரோடு இருந்தும் பயன் இல்லை. சிக்னல் கட்டை தெரியும், பேச முடியாது.

நூல் கட்டிய பட்டம்

இங்கேதான் டிரோன் வருகிறது. கல்யாண வீட்டில் படம் பிடிக்கிற குட்டி டிரோன் அல்ல இது. அரை மணி நேரத்தில் அதன் பேட்டரி தீர்ந்துவிடும். பேச்சை மீட்கும் டிரோனுக்குப் பட்டம்போல ஒரு நூல் உண்டு. அந்த நூல்தான் மின்சார ஒயர். கீழே நிற்கும் வேனில் இருந்து ஒயர் வழியாக மின்சாரம் ஏறிக்கொண்டே இருப்பதால், மணிக்கணக்காக ஒரே இடத்தில் நிற்கும்.

டிரோனின் வயிற்றில் ஒரு சிறிய செல்போன் நிலையம் கட்டப்பட்டிருக்கும. சுற்றிலும் இருக்கும் சாதாரண போன்கள் அதைக் கோபுரம் என்றே நினைத்துப் பிடித்துக்கொள்ளும். பேச்சு டிரோனுக்குப் போய், ஒயர் வழியாக வேனுக்கு இறங்கி, வேனில் உள்ள தட்டு ஆன்டெனா மூலம் செயற்கைக்கோளுக்குப் போகும். அங்கிருந்து நம் போனுக்கு வரும்.

2017-ம் ஆண்டு செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிகோ தீவைத் தாக்கியபோது, அங்கே 100-க்கு சுமார் 95 செல்போன் நிலையங்கள் செயல் இழந்தன. அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. கம்பெனி நவம்பரில் இத்தகைய டிரோன் ஒன்றை அங்கே பறக்கவிட்டது. அதற்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர், 'பறக்கும் பசு'. 200 அடி உயரத்தில் நின்று, 40 சதுர மைல் வரை, ஒரே சமயத்தில் 8 ஆயிரம் பேருக்கு அது இணைப்புத் தரும் என்று கம்பெனி அறிவித்தது. 2024-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி ஜப்பானின் நோட்டோ பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோதும், சாப்ட்பேங்க் நிறுவனம் ஒயர் கட்டிய டிரோனைப் பயன்படுத்தியது.

நம் பெங்களூருவில்

இதன் அடுத்த படி பெங்களூருவிலேயே உருவாகி வருகிறது. பழைய விமான நிலைய சாலையில் பஸ்சில் போகும்போது தேசிய விண்வெளி ஆய்வகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். 'என்.ஏ.எல்.' என்பார்கள். அங்குள்ள விஞ்ஞானிகள் சூரிய ஒளியில் ஓடும் ஆளில்லா விமானம் ஒன்றை உருவாக்கி, 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் சித்ரதுர்கா மாவட்டம் செல்லகெரேயில் பறக்கவிட்டார்கள். இறக்கையின் நீளம் சுமார் 12 மீட்டர். எடையோ 23 கிலோவுக்குள்தான், நம் அரிசி மூட்டையைவிடக் குறைவு. சுமார் 3 கிலோ மீட்டர் உயரத்தில் எட்டரை மணி நேரம் பறந்தது.

இது முன்மாதிரிதான். சுமார் 20 கிலோ மீட்டர் உயரத்தில், மழைக்கும் மேகத்துக்கும் மேலே, வாரக்கணக்கில் மிதக்கும் பெரிய விமானம்தான் இலக்கு. அது வந்துவிட்டால், கீழே எந்தக் கோபுரம் செத்தாலும் மேலே ஒன்று விழித்திருக்கும்.

குறையும் உண்டு

டிரோன் மந்திரக்கோல் அல்ல. புயல் வீசும்போது ஒயர் கட்டிய டிரோனை ஏற்ற முடியாது. காற்று தணிந்த பிறகே அதற்கு வேலை. வேன் போக ஒரு மேட்டு இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜனங்களின் போனில் சார்ஜ் இருக்க வேண்டும். ஆகவே டிரோன் போகும் வேனோடு பத்துப் பதினைந்து போன்களுக்கு சார்ஜ் ஏற்றும் பலகையும் போக வேண்டும். இல்லாவிட்டால் கோபுரம் இருக்கும், பேச ஆள் இருக்காது.

பழைய வழிகளையும் கைவிடக்கூடாது. 2004-ம் ஆண்டு சுனாமியின்போது அந்தமானில் இருந்து வெளியுலகுக்குச் செய்தி சொன்னது, அப்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினரின் 'ஹாம்' ரேடியோ. 2024-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டபோது, சூரல்மலை பி.எஸ்.என்.எல். கோபுரத்தை டீசல் ஊற்றி அணையவிடாமல் காத்தார்கள். அங்கே 190 அடி இரும்புப் பாலத்தை அமைத்த ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்குத் தலைமையிடம் நம் அல்சூர்தான்.

எங்கே நிற்க வேண்டும்?

ரெயில்வேயில் விபத்து நிவாரண ரெயில் என்று ஒன்று உண்டு. வருடம் முழுவதும் சும்மா நிற்பதுபோல் தெரியும். ஆனால் மருந்து, கருவி, ஆள் எல்லாம் தயார். சங்கு ஊதினால் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் கிளம்பியாக வேண்டும். விபத்து நடந்த பிறகு அதை எங்கிருந்தாவது தேடிப் பிடிப்பது இல்லை.

டிரோனும் அப்படித்தான் நிற்க வேண்டும். தலைநகரில் கண்காட்சியில் நின்றால் ஸ்ரீவைகுண்டத்துக்கு லாபம் இல்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடலோர மாவட்டங்களில் செப்டம்பரிலேயே வேன், ஒயர், ஓட்டப் பழகிய ஆள் எல்லாம் தயாராக வேண்டும். இதைக் கேட்கும் உரிமை ஓட்டுப் போடுகிற எல்லோருக்கும் உண்டு. ஊருக்குப் பணம் அனுப்புகிற நமக்குக் கூடுதலாகவே உண்டு.

அதுவரை நாம் செய்யக்கூடியது சில உண்டு. பேச்சு போகாத இடத்தில் சில சமயம் எஸ்.எம்.எஸ். போகும். மழை எச்சரிக்கை வந்ததுமே வீட்டாரிடம் போனை முழுக்க சார்ஜ் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். ஊரில் மேட்டுத் தெருவில் இருக்கும் ஒருவர் எண்ணைக் குறித்து வையுங்கள். மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. இங்கிருந்து கூப்பிட்டால் அந்த மாவட்ட எஸ்.டி.டி. எண்ணை முன்னால் சேர்த்துப் போட வேண்டும். இந்த எண்களை போனில் மட்டும் வைக்காமல், காலண்டரின் பின்புறம் பேனாவால் எழுதி வையுங்கள். பேனா எழுத்துக்கு சார்ஜ் வேண்டியதில்லை.