பழுப்பு ஏறாத செல்கள்

பரவிவிட்ட கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்குப் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் கொடுத்துப் பார்த்த முடிவை 1961இல் ரீட்டா கெல்லியும் பேக்கரும் வெளியிட்டார்கள். 21 பெண்களில் 6 பேருக்குக் கட்டி சுருங்கியிருந்தது. அன்றைக்கு அதுவே பெரிய செய்தி. மற்ற 15 பேருக்கு நோய் மருந்துக்குக் கேட்காது என்று முன்கூட்டியே அறிய வழியில்லை. கொடுத்துப் பார், காத்திரு, எக்ஸ்ரே எடு, அவ்வளவுதான்.

பிறகு ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிப் புரதம் தெரியவந்தது. அதை அளக்க, கட்டியின் துண்டை உறையவைத்து அரைக்க வேண்டியிருந்தது. அரைத்த கூழில் புற்றுசெல் எது, நல்ல செல் எது என்று யார் பிரிப்பது? ஆனாலும் பலன் இருந்தது. 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏற்பி இருந்தவர்களில் 37 சதவீதத்தினருக்கு மருந்து வேலை செய்தது. இல்லாதவர்களில் 8 சதவீதத்தினருக்குத்தான்.

இன்று யாரும் அரைப்பதில்லை. மெழுகில் பதித்த பயாப்ஸித் திசுவை மெல்லிய சீவலாக வெட்டி, ஆன்டிபாடி சேர்த்துச் சாயமேற்றுகிறார்கள். புரதம் இருக்கும் செல் பழுப்பாகிறது. வேடிக்கை என்னவென்றால், இப்போது பெரிதும் தேடப்படுவது பழுப்பு ஏறாத செல்கள்தான். எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்ற நான்கு புரதங்களும் டிஎன்ஏவுக்கு மெய்ப்புத் திருத்துபவர்கள். (எங்கள் எழுத்துத் தொழிலில் மெய்ப்புத் திருத்துபவர் ஒருநாள் விடுப்பு எடுத்தாலே தெரிந்துவிடும்.) சுமார் கால்வாசிக் கட்டிகளில் இவற்றில் ஒன்றோ இரண்டோ காணாமல்போயிருக்கும். பிழைகள் குவிந்து விநோதப் புரதங்கள் உருவாக, நோய் எதிர்ப்புச் செல்கள் அவற்றை அந்நியமாக அடையாளம் காண்கின்றன. அந்தச் செல்களின் தடையை நீக்கும் பெம்புரோலிசுமாப், டோஸ்டார்லிமாப் போன்ற மருந்துகள் இங்கேதான் நன்றாகப் பலிக்கின்றன.

இல்லாததைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பக்கத்திலேயே இருக்கும் நல்ல செல்கள் பழுப்பாகியிருக்க வேண்டும். அவையும் வெளுத்திருந்தால் சாயமேற்றியதில்தான் கோளாறு; நோயைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

2023இல் வந்த ஆய்வு ஒன்றில், இந்தப் புரதக் குறைபாடுள்ள பெண்களில் கீமோவோடு பெம்புரோலிசுமாபும் பெற்றவர்களில் 74 சதவீதத்தினருக்கு ஓராண்டு கழித்தும் நோய் முற்றவில்லை. கீமோ மட்டும் பெற்றவர்களில் அது 38 சதவீதம். ஹெர்2 புரதம் அடர்த்தியாக உள்ள கட்டிகளுக்கோ வேறு மருந்து, டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான்.

இதையெல்லாம் ஜோசியம்போல நம்பிவிடக் கூடாது. டோஸ்டார்லிமாப் 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, குறைபாடு உறுதியான பெண்களிலேயே பாதிப் பேருக்கும் குறைவாகத்தான் கட்டி சுருங்கியது. லட்சக்கணக்கில் செலவாகும் மருந்து இது. ஒரே விதமாக வெளுத்த இரண்டு கட்டிகளில் ஒன்று கேட்பதும் ஒன்று கேட்காததும் ஏன் என்பதே இன்றைய தேடல்.